நின்றுகொண்டே எழுதிய நாவல்

ஓய்வெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது, ஓய்வெடுக்கும்படி உத்தரவு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த உத்தரவு நாலாபக்கமிருந்தும் வந்தது. அலுவலகம் சொன்னது. சென்னையிலிருந்து பதிப்பாளர் சொன்னார். வாணியம்பாடியிலிருந்து அம்மா போனில் சொன்னாள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதையில் தினமும் எதிர்ப்படும் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்கூடச் சொன்னார். எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவர் என் கணவர். மற்றவர்கள் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் திட்டம் போட்டார்.

நான் அப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். நாவல் எழுதுகிறவளைப் பார்த்து வீடே எதற்காகப் பதற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவலைத் தொடங்கிப் பாதியில் படுத்துவிட்டவள் நான். ஆபீஸ், சமையல், வீடு எல்லாவற்றையும் முடித்துவிட்டு மிச்சமிருந்த உடம்பு மொத்தத்தையும் அதில் போட்டேன். லீவு நாள் என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, குளிக்கும்போதும் அதே நினைப்பு. ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். அந்தக் கோப்பைப் பார்த்ததுமே வயிற்றைப் புரட்டியது. மூடிவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அப்புறம் காய்ச்சல் வந்து போனது, ஆனால் எழுந்து நடமாடப் பிடிக்கவில்லை. யாரிடமும் பேசவும் பிடிக்கவில்லை. அந்த மாதங்களில் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் இவர்தான்.

அந்த நாவலை நான் மறுபடி தொடவில்லை. வேறு எதையும் எழுதவுமில்லை. எழுதுகிறவள் என்று ஒருத்தி எனக்குள் இருந்தாள் என்பதையே மறந்துவிட்டு, பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அப்படிப் படுத்தால் பிறகு எழுந்து எழுத மாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும்.

புது நாவல் வந்ததே தற்செயலாகத்தான். பிளவுஸ் லைனிங் துணி வாங்க சிவாஜிநகர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒரு கடை. எனக்குத் துணி கிழித்துக் கொடுத்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காலை இறக்கிவிட்டு இன்னொரு காலை ஏற்றினாள். கடையில் ஸ்டூல்கள் இருந்தன. எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. அவள் உட்காரக் கூடாதாம், கடையில் ஆளே இல்லாவிட்டாலும் கூடாதாம். "இருபது வருஷமா நின்னுக்கினுதாம்மா இருக்கேன்" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வருவதற்குள் நாவல் வந்துவிட்டது. சிவாஜிநகர் துணிக்கடையில் வேலை செய்யும் ஒருத்தி, ஒரே ஒரு நாள், வியாபார நேரத்தில், முதலாளி பார்க்க, அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அவ்வளவுதான் கதை. எனக்கு அது போதுமாக இருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு விரல் தானாக ஓடியது. பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் எழுதினேன். அந்தப் பத்து நாளும் நான் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவியதாக இவர் பிறகு சொன்னார்.

அதை அவரிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் அவருக்கு வாயில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எனக்கோ கன்னடம் பேசினால் ஓரளவு புரியும், பலகையைக் காட்டினால் முழிப்பேன். அதனால் எங்கள் வீட்டில் வரும் கல்யாணப் பத்திரிகைகளை நான் அவருக்குப் படித்துச் சொல்வேன், கரண்ட் ஆபீஸ் நோட்டீசை அவர் எனக்குப் படித்துச் சொல்வார். பதினைந்து வருஷமாக இப்படித்தான் குடும்பம் நடக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் தமிழ் நாவலுக்கு மேனேஜர் ஆகலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்குத் தோன்றிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜ் கதவு முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் கலரில் ஒட்டுத்தாள்கள்.

"என்னங்க இது?"

"உன் நாவல்தான்" என்றார், பெருமையாக. "போன வாட்டி உனுக்கு பிளானே இல்ல. அதான் அப்டி ஆயிருச்சு. இந்த வாட்டி ஸ்பிரிண்ட் போட்டுக்கலாம். டெய்லி கொஞ்சம் கொஞ்சம். ஓவர்டைம் பேடா, வேணவே வேணாம். ரெஸ்டு கண்டிப்பா எடுக்கணும், அதுக்கும் எடம் வுட்டுருக்கேன் பாரு, பச்சையெல்லாம் ரெஸ்டு."

இவரும் கம்ப்யூட்டர் துறைதான், வேறொரு கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். எங்கள் துறையில் எந்த வேலையையும் இரண்டு வாரத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஸ்பிரிண்ட் என்பார்கள். தினமும் காலையில் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் கூடி ஒரு கூட்டம். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடும் என்பதால் நின்றபடியே நடத்துவார்கள். நேற்று என்ன முடித்தாய், இன்றைக்கு என்ன செய்யப் போகிறாய், குறுக்கே ஏதாவது தடை நிற்கிறதா? இந்தத் தடைக்குப் பெயர் பிளாக்கர். இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலைமுடி நரைத்தது. அதே மூன்று கேள்வியை இனி அடுப்படியிலும் நின்று கேட்டுக்கொள்ளப் போகிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. போன தடவை தறிகெட்டு ஓடித்தானே விழுந்தேன். இந்தத் தடவை லகானை யாராவது பிடிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இப்படியாக எங்கள் வீட்டில் தினமும் காலையில் கூட்டம் நடந்தது. அவர் கையில் காபி டம்ளர், என் கையில் கரண்டி.

"நேத்து இன்னா முடிஞ்சுது?"

"அவ கடைக்கு வந்துட்டா."

"இன்னிக்கி?"

"ஷட்டரத் தூக்கப் போறா."

"பிளாக்கர் ஏதாவது இருக்குதா?"

"இட்லி மாவு புளிச்சுப் போச்சு."

"நாவல்ல கேட்டேன்மா."

சிரிக்கத்தான் செய்தோம், முதல் சில வாரங்கள். நான் தினமும் எத்தனை வார்த்தை எழுதினேன் என்று லேப்டாப் அடியில் காட்டும் எண்ணை அவர் பார்த்துக்கொள்வார். எண் மட்டும் எல்லா மொழிக்கும் பொது அல்லவா? அதை வைத்து ஒரு படம் வரைந்தார். இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்டும் கோடு அது, நாளாக நாளாகக் கீழே இறங்கும். கோடு ஒழுங்காக இறங்கினால் அவர் முகம் மலரும். ஏறி நின்றால் அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் பேச்சு குறைந்துவிடும்.

எழுத்தைக்கூடச் சமாளித்தேன். இந்த ஓய்வு இருக்கிறதே, அதுதான் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியது. என் போனில் ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். நேரா நேரத்துக்கு மணி அடித்து, மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்று ஒரு பெண்குரல் சொல்லும். பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்ட் போகும் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் அது தவறாமல் அடிக்கும். முன்னால் நிற்பவனின் முதுகுப்பை என் மூக்கில். பின்னால் யாருடைய முழங்கையோ என் விலாவில். தோள்களைத் தளர்த்துங்கள் என்பாள் அவள். யார் தோளை?

மாலையில் நடை. அதற்கும் பச்சைத் தாள் இருந்தது. எங்கள் குடியிருப்பைச் சுற்றி நடந்தால் அந்த ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் வந்து சேர்ந்துகொள்வார். "ரைட்டிங் எல்லாம் ஹாபிதானே மேடம், ஹாபியில யாராவது டயர்டு ஆவாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். சரி, அத்தோடு விட்டாரா? மறுநாளிலிருந்து தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், நான் எழுதிக்கொள்வேன் என்று. வங்கிக்கிளை மாற்றம் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொன்னார். அந்த மனிதர் ஹாசனுக்கு மாற்றலாகி வருவதற்குள் எனக்கு வீட்டில் குக்கர் வைக்கும் நேரம் வந்துவிடும்.

அலுவலகம் தன் பங்குக்கு ஒரு கூட்டம் போட்டது. பணிச்சோர்வைத் தவிர்ப்பது எப்படி என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசினார். வெள்ளிக்கிழமை, அதுவும் வேலை முடிந்த பிறகு. எல்லோரும் வந்தே தீர வேண்டும். கண்ணை மூடிக் கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார். மூடினேன். போன் அதிர்ந்தது. அந்த அறையின் இன்னொரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என் மேலதிகாரி, இன்றைக்குள் சோதனை முடிவு வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டே எப்படித் தட்டினார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வராமல் போனவர்களைச் சனிக்கிழமை காலை வரச்சொல்லி மறுபடி ஓய்வெடுக்க வைத்தார்கள்.

இத்தனை ஓய்வையும் எடுத்து முடித்துவிட்டு நாவலிடம் வந்தால், உட்காரும் தெம்பு இருக்காது. உட்கார இடமும் இருக்காது. என் மேஜைக்கு என்று ஒரு நாற்காலி உண்டு, பெயருக்குத்தான். கொடியிலிருந்து எடுத்த துணியெல்லாம் அதன்மேல்தான் குவியும். மடிக்க நேரம் வரும்போது அடுத்த ஈடு காய்ந்திருக்கும். அதனால் முதலிலிருந்தே லேப்டாப்பை அடுப்படி மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப் பழகிவிட்டேன்.

கோடு மட்டும் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைய எண்ணிக்கையைக் கட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். என் நாயகி புடவை விரிப்பாள். ஒரு அத்தியாயம் முழுக்க விரித்தாள். மயில் பச்சை, மாம்பழ மஞ்சள், ஜரிகை, முந்தானை, பார்டர் என்று ஒவ்வொன்றாக விரித்து, மடித்து, மறுபடி விரித்தாள். வாங்க வந்தவள் எதையும் வாங்காமல் போய்விட்டாள். அடுத்த அத்தியாயத்தில் இன்னொருத்தி வந்தாள். எண் ஏறியது, கோடு இறங்கியது. நாயகிக்கு உயிர் போய்விட்டது என்று எனக்கு உள்ளூரத் தெரிந்தது. காலைக் கூட்டத்தில் அதைக் கேட்பதற்குக் கேள்வி இல்லை.

அப்புறம் ஒருநாள் காலை லேப்டாப்பைத் திறந்தேன். வயிற்றைப் புரட்டியது.

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு பச்சைத் தாள் ஒட்டுவார். அன்று மத்தியானம் பார்த்துப் பதிப்பாளரும் கூப்பிட்டார். "மேடம், அவசரமே இல்ல. நிதானமா எழுதுங்க. ஒடம்பக் கெடுத்துக்காதீங்க. ஆனா புத்தகக் கண்காட்சிக்கு வந்தாகணும், அட்டைகூடப் போட்டாச்சு" என்றார். நிதானமாக எழுது, ஆனால் வேகமாக. இதே வாக்கியத்தைத்தான் எல்லோரும் ஆளுக்கொரு விதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாவல் வேண்டாம், விட்டுவிடலாம் என்று அன்று முடிவு செய்தேன். மெட்ரோவில் திரும்பும்போது பதிப்பாளருக்கு என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இவர் வழக்கம்போல் நின்றார். அடுப்பில் பால். இவர் கண் ஃபிரிட்ஜ் கதவில்.

"அவ உக்கார்ற சீன் இருக்குதில்ல, அத கடைசி ஸ்பிரிண்ட்ல வெச்சிருக்கேன். ஆனா நீ ஸ்வல்ப லேட்டா போய்க்கினு இருக்கற. அத வேணா ரெண்டாம் பாகத்துக்குத் தள்ளிட்டா இன்னா?"

நான் கரண்டியை மேடையில் வைத்தேன்.

"சரி வுடு. பிளாக்கர் ஏதாவது இருக்குதா?"

"இருக்குது. நீங்கதான்."

அவர் சிரித்தார். "சீரியஸா கேக்கறேன்மா."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சிருக்கீங்களா நீங்க? அவ பேரு எந்த எடத்துல எழுதியிருக்குன்னு காட்டுங்க பாக்கலாம். தெரியாது. மளிகைச் சாமான் வந்து எறங்குனா சரிபாக்குற மாதிரி டெய்லி எண்ணிக்கிட்டு நிக்கறீங்க. அவ உக்கார்றதுதாங்க நாவலே! அத எடுத்து ரெண்டாம் பாகத்துல போடுவாராம். ரெண்டாம் பாகம் எவ எழுதப் போறா? நான் இந்த பாகமே எழுதல. நேத்தே விட்டாச்சு. போதுமா? எடுத்துட்டுப் போங்க உங்க பச்சத் தாள!"

பால் பொங்கி வழிந்தது. அவர்தான் எட்டி அடுப்பை அணைத்தார். டம்ளரை மேடையில் வைத்தார். எதிர்த்து இரண்டு வார்த்தை கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"படிக்க வராதுதான்" என்றார். "எண்ணத்தான் வரும். அதான் எண்ணினேன். போன வாட்டி நீ படுத்துக் கெடந்தப்போ உள்ள இன்னா நடக்குதுன்னே எனுக்குத் தெரியல. கதவுக்கு வெளிய நின்னுக்கினு இருந்த மாதிரி இருந்துச்சு. இந்த வாட்டி எதுனா ஒண்ணாவது என் கையில இருக்கட்டும்னு பாத்தேன்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இவ்வளவு நல்லவராக இருந்துகொண்டு மனிதர் எப்படி இவ்வளவு உயிரை எடுக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வழிந்த பாலைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "நீ சத்தமா படிச்சா எனுக்குப் புரியும் இல்ல?" என்று கேட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதினைந்து வருஷமாக இந்த மனிதருக்கு ஊரார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையெல்லாம் படித்துச் சொல்லியிருக்கிறேன், தாய்மாமன் பெயர் முதற்கொண்டு விடாமல். நான் எழுதியதைப் படித்துக் காட்டலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் என்று பெயர் எங்களுக்கு.

"எப்டியும் வுடப் போற. ஒரு வாட்டி படிச்சிட்டு வுடு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, அவர் சோபாவில் கால் நீட்டிக்கொண்டார். நான் வெளிச்சத்துக்காகப் பால்கனிக் கதவோரம் லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். படிக்க ஆரம்பித்தேன்.

முதல் பக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எந்தக் கடை இது? பஸ் ஸ்டாண்டு பின்னால அந்தச் சந்துல இருக்குமே, அதுவா?" அது இல்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "ஓனர் இந்த மாதிரி பேச மாட்டான்மா, அவன் மரியாதையாப் பேசித்தான் சாவடிப்பான்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஏனென்றால் அது உண்மை. நான் துக்கமாக எழுதிய ஓரிடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் அலமாரியின் அடித்தட்டில் கால் மாற்றி வைக்கும் இடம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "கால் வீங்காதா அவுளுக்கு? நைட்டு எதுனா தேச்சுக்குவாளா?" என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. இத்தனை வாரம் தினமும் என்னைக் கேள்வி கேட்டவர், முதல் தடவையாக எனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தார்.

ஆறேழு அத்தியாயம் அடுத்தடுத்த ஞாயிறுகளில் இப்படிப் போனது. அப்புறம் கோடு அழகாக இறங்கிய நாட்களில் எழுதிய அத்தியாயங்கள் வந்தன. மயில் பச்சை விரிந்தது. மாம்பழ மஞ்சள் விரிந்தது. ஜரிகையை நான் ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டிருந்தபோது சோபாவிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

"ஏங்க!"

திடுக்கிட்டு விழித்தார். "இந்தப் பொடவைங்க எப்பம்மா முடியும்?"

"நீங்க டார்கெட் வச்சதுக்காக எழுதுனதுங்க இது! உங்க கோடு எறங்கணும்னு எழுதுனது! இப்ப நீங்களே தூங்குவீங்களா?"

கத்தினேனே தவிர, மனசுக்குள் ஏதோ இறங்கியது போலிருந்தது. அவர் தூங்கியது சரி. நானே தூங்கித்தான் எழுதியிருக்கிறேன். வயிற்றைப் புரட்டியது எதனால் என்று அப்போது விளங்கியது. போன தடவைபோல நான் முழுசாகத் தீர்ந்துபோகவில்லை. எனக்கே நம்பிக்கையில்லாத பக்கங்களைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், குமட்டாமல் என்ன செய்யும்? அது தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அப்போதே அந்த அத்தியாயங்களை அவர் கண் முன்னால் அழித்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. அடியில் எண் சரசரவென்று விழுவதைப் பார்த்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, ரெண்டு மாச வேலைம்மா! ஒரு காப்பியாவது எடுத்து வெய்யி!"

"நீங்கதானே தூங்குனீங்க?"

"தூங்குனா அழிச்சுருவியா? ஆபீஸ் மீட்டிங்லகூடத்தான் தூங்கறேன், கம்பெனிய மூடிட்டாங்களா?"

பதிப்பாளருக்குப் போன் செய்து, இந்தக் கண்காட்சிக்கு வராது என்றேன். "நான்தான் அவசரமே இல்லன்னு சொன்னேனே மேடம்" என்றார், அழாத குறையாக. காலைக் கூட்டம் நின்றது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவற்றை யாரும் எடுக்கவில்லை. பசை காய்ந்து ஒவ்வொன்றாகத் தானே விழுந்துகொண்டிருக்கின்றன. விழுந்ததைப் பெருக்குவது நான். அந்த மூச்சுக்காரியைப் போனிலிருந்து நீக்கினேன். பேங்க் ஆபீசரை மட்டும் நீக்க முடியவில்லை, ஹூப்ளிக் கிளையில் இருக்கிறார்.

இதனால் எல்லாம் சுகமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மேனேஜராக இருந்தபோது இவர் காலையில் ஒரு தடவை கேள்வி கேட்டார். வாசகராக மாறிய பிறகு எந்த நேரமும் கேட்கிறார். வைட்ஃபீல்டில் நான் முக்கியமான கூட்டத்தில் இருக்கும்போது போன் வரும். "இல்ல, அவ மவன் ஏன் ஒரு வாட்டிகூட கடைப் பக்கம் வரல?" என்பார். மாமியார் வீட்டுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே முழுக் கதையும் சொல்லியிருப்பார், அதுவும் முடிவைத் தானே ஒன்று கட்டி. என் நாயகி அவர் வாயில் கடைக்கே முதலாளி ஆகிவிட்டாள். அவளை உடனே உட்கார வைக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம். உட்கார்ந்தால் நாவல் முடிந்துவிடும் என்பேன். "முடியட்டுமே, அதுக்காக ஒரு பொம்பளைய இத்தன பக்கம் நிக்க வெப்பியா?" என்பார். கதையின் கட்டு, உச்சம், அது இது என்று நான் விளக்குவேன். "அதெல்லாம் பேடா. அவ கால் நோவுது" என்பார்.

கோடு கிடையாது, எண்ணிக்கை கிடையாது. சில வாரம் ஒரு அத்தியாயம் வருகிறது, சில வாரம் அரைப் பக்கம். வராத ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் லேப்டாப்பைத் திறந்தால் வயிற்றைப் புரட்டவில்லை. அதை மட்டும் நான் தினமும் கவனித்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு படித்த அத்தியாயத்தில், கடையில் யாரும் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். ஸ்டூல் எதிரே கிடக்கிறது. அவள் அதன் அருகே போய், முந்தானையால் அதைத் துடைக்கிறாள். இவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். வாசலில் ஒரு குடும்பம் ஏறி வருகிறது. அவள் ஸ்டூலை அவர்கள் பக்கம் நகர்த்திப் போட்டு, உட்காருங்க என்கிறாள். அத்தியாயம் முடிந்தது.

இவர் என்னை முறைத்தார். "இன்னிக்காவது உக்காருவான்னு பாத்தேன்."

"இன்னும் இல்லங்க. நேரம் வரல."

எழுந்து உள்ளே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். அறைக்குள் ஏதோ தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம். என் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பால்கனிக் கதவோரம், எனக்குப் பின்னால் போட்டார்.

"அவளத்தான் நிக்க வெச்சே கொல்லற. நீயாச்சும் உக்காந்து படி."

எட்டிப் பார்த்தேன். ஒரு வாரத் துணி அத்தனையும் கட்டிலில் கொட்டிக் கிடந்தது. நல்ல புடவை, துண்டு, இவருடைய சாக்ஸ் எல்லாம் ஒரே குவியலாக. இதையெல்லாம் மடிப்பது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் முழங்காலுக்குக் கீழே விண் விண் என்று தெறிப்பது தெரிந்தது. எத்தனை நாளாக வலிக்கிறதோ. இந்த நாவலின் ஒரு அத்தியாயத்தையும் நான் உட்கார்ந்து எழுதவில்லை, உட்கார்ந்து படிக்கவும் இல்லை.

"மடிக்கிறது யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன்.